கோழி இறந்தது ஏன்?

மாலையில் பஞ்சாரத்தில் கவிழ்க்கும்போது நன்றாக இருந்த கோழி, விடியற்காலையில் திறந்து பார்த்தால் விறைத்துக் கிடக்கிறது. கிராமங்களிலும் சிற்றூர்களிலும் வாழும் மாணவர்களில் பலர் இதை ஒரு முறையேனும் கண்டிருப்பீர்கள். உடனே வீட்டில் பலவிதப் பேச்சுகள் எழும். "பாம்பு தீண்டியிருக்கும்" என்பார் ஒருவர். "யாரோ விஷம் வைத்துவிட்டார்கள்" என்பார் மற்றொருவர். "கண் பட்டுவிட்டது" என்பார் பாட்டி. சற்று நேரத்தில் பேச்சு ஓய்ந்துவிடும். கோழி குப்பைமேட்டுக்குப் போகும். சில வீடுகளில் குழம்புச் சட்டிக்கும் போகும். காரணம் மட்டும் தெரியாமலே போய்விடும்.

ஒரு கோழிதானே, காரணம் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று நீங்கள் கேட்கலாம். செத்த கோழிக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் மீதமுள்ள கோழிகளின் உயிர் அந்தக் காரணத்தைப் பொறுத்தே இருக்கிறது. பாம்பு என்றால் பொந்தை அடைத்தால் போதும். விஷம் என்றால் அது எங்கே கிடக்கிறது என்று கண்டு அகற்ற வேண்டும். தொற்றுநோய் என்றால், ஒரு வாரத்தில் உங்கள் வீட்டுக் கோழிகள் மட்டுமல்ல, தெருவில் உள்ள கோழிகள் எல்லாமே போய்விடக்கூடும். முட்டை விற்ற காசில் உங்களுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கித் தரும் தாய்க்கு இது சிறிய இழப்பா?

எனவே, கோழியின் இறப்புக்குக் காரணம் கண்டுபிடிப்பது எப்படி என்று பார்ப்போம். இதற்குக் கருவிகள் வேண்டியதில்லை. கூர்ந்து நோக்குவதும், நோக்கியதை வரிசையாகச் சிந்திப்பதும் போதும். எந்த இடத்தில் நாம் நிறுத்திக்கொண்டு மருத்துவரிடம் விட வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் ஓர் எச்சரிக்கை

இறந்த கோழியை வெறுங்கையால் தொடக்கூடாது. பறவைகளின் நோய்களில் சில மனிதருக்கும் தொற்றும். பெரியவர் ஒருவர் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு, கையில் பாலிதீன் பையை உறைபோல் மாட்டிக்கொண்டு தொடட்டும். நீங்கள் சற்றுத் தள்ளி நின்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கோழியை அறுத்துப் பார்க்கும் வேலை நமக்கு வேண்டாம். ஒரே நாளில் பல கோழிகள் இறந்தாலோ, காகம் முதலிய மற்றப் பறவைகளும் இறந்து கிடந்தாலோ, யாரும் எதையும் தொடாமல் கால்நடை மருத்துவருக்குச் செய்தி சொல்வதே முதல் வேலை.

திடீரென்று இறந்ததா?

"நேற்று வரை நன்றாக இருந்தது" என்று நாம் சொல்வது பெரும்பாலும் முழு உண்மையன்று. கோழி தன் நோயை மறைக்கும் பறவை. கோழிக் கூட்டத்தில் மேல், கீழ் என்ற வரிசை உண்டு. சோர்ந்துபோன கோழியை மற்றவை கொத்தி விரட்டும். பருந்தும் கீரியும் தேடி வருவது தளர்ந்து நிற்கும் கோழியைத்தான். ஆகவே நோயுற்ற கோழி, முடிந்தவரை மற்றக் கோழிகளோடு கூடவே மேய்வதுபோல் நடந்துகொள்கிறது. இனி முடியாது என்ற நிலையில்தான் இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் "தூங்கத்" தொடங்குகிறது. அப்போதுதான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. கோழி திடீரென்று இறந்ததா அல்லது நாம்தான் திடீரென்று கவனித்தோமா? இதுவே நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

இதற்கு விடை கோழியின் உடலிலேயே இருக்கிறது. அதில் மூன்று கடிகாரங்கள் உள்ளன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று வாரங்களைக் காட்டும்; இன்னொன்று நாட்களைக் காட்டும்; மற்றொன்று மணிகளைக் காட்டும்.

வாரங்களைக் காட்டுவது நெஞ்சு. கோழியின் நெஞ்சின் நடுவே கப்பலின் அடிமரம் போன்ற ஓர் எலும்பு ஓடுகிறது. நலமாக உள்ள கோழியில் அதன் இருபுறமும் சதை நிறைந்திருக்கும். சதை வற்றி, அந்த எலும்பு கத்திமுனைபோல் கைக்குத் தட்டுப்பட்டால், கோழி பல வாரங்களாக நலிந்து வந்திருக்கிறது. குடற்புழுக்கள், பேன், உண்ணி, நாட்பட்ட நோய் ஆகியவற்றில் ஒன்றை ஐயுறலாம்.

நாட்களைக் காட்டுவது எச்சம். கோழியின் எச்சத்தில் வெண்மையாக ஒரு பகுதி இருப்பதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அது யூரிக் அமிலம். பறவைகள் நம்மைப்போல் சிறுநீரைத் தனியே கழிப்பதில்லை. சிறுநீரகக் கழிவு வெண்ணிறப் பசையாக எச்சத்தோடு சேர்ந்து வருகிறது. கோழி தீனி எடுக்காமல் இருந்தால் குடலில் சக்கை குறைந்துபோகும். அப்போது வெள்ளைப் பகுதியும் பச்சை நிறப் பித்தநீருமே மிகுதியாக வெளிவரும். எனவே வாலடி இறகுகளில் பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல் ஒட்டியிருந்தால், கோழி ஓரிரு நாட்களாவது சரியாகத் தின்னவில்லை என்று கொள்ளலாம். ஆனால் இது இன்ன நோய் என்று அந்தப் பச்சை நிறம் சொல்லாது; பல நோய்களில் இப்படி நேரும்.

மணிகளைக் காட்டுவது தீனிப்பை. கரப்பான்பூச்சியின் உணவுமண்டலப் பாடத்தில் தீனிப்பை, அரைவைப்பை என்று படித்திருப்பீர்கள். கோழிக்கும் இவை உண்டு. கழுத்தின் அடியில், நெஞ்சுக்கு மேலே தொட்டால் தீனிப்பை தெரியும். பகலில் இறந்த கோழியின் தீனிப்பையில் தானியம் நிறைந்திருந்தால், அது இறப்பதற்குச் சற்று முன்புவரை மேய்ந்திருக்கிறது. அதாவது இறப்பு உண்மையிலேயே திடீரென்று நேர்ந்திருக்கிறது. வெயில் தாக்குதல், பாம்புக்கடி, நஞ்சு, மிகக் கடுமையான சில தொற்றுநோய்கள் ஆகியவை இப்படிக் கொல்லக்கூடியவை.

இங்கே ஒரு கவனம் தேவை. கோழி மாலையில் தீனிப்பையை நிரப்பிக்கொண்டுதான் அடையும். இரவெல்லாம் அந்தத் தீனி சிறிது சிறிதாக இறங்கும்; விடியலில் பை காலியாகிவிடும். ஆகவே விடியற்காலையில் காலியான தீனிப்பையைக் கண்டு, "இது நோயுற்ற கோழி" என்று சொல்லிவிட முடியாது. நலமான கோழிக்கும் அப்படித்தான் இருக்கும். ஒரே அடையாளத்துக்கு இரண்டு விளக்கங்கள் இருக்கும்போது, வேறோர் அடையாளத்தைத் தேட வேண்டும். எல்லா அறிவியல் ஆய்வுக்கும் இது பொருந்தும்.

இன்னொன்றும் உண்டு. இறப்புக்குப் பின் உடலில் ஏற்படும் மாற்றங்களை நோயின் அடையாளமாக எண்ணி ஏமாறக்கூடாது. நம் நாட்டு வெப்பத்தில் உடல் விரைவில் அழுகத் தொடங்கும். சில மணி நேரத்தில் வயிற்றுத் தோல் பச்சையாகும், கொண்டை கறுக்கும், உடல் உப்பும். "உடம்பெல்லாம் பச்சை பாய்ந்துவிட்டது, விஷந்தான்" என்று சொல்வது பெரும்பாலும் இதைப் பார்த்துத்தான்.

உயிருள்ள கோழிகளும் சாட்சிகளே

இறந்த கோழியை மட்டும் பார்த்தால் போதாது. மற்றக் கோழிகளையும் எண்ண வேண்டும். எத்தனை இறந்தன, எப்போது இறந்தன, எந்த வரிசையில் இறந்தன என்று ஒரு தாளில் எழுதுங்கள்.

நஞ்சு என்றால், ஒரே தீனியைத் தின்ற பல கோழிகள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் பாதிக்கப்படும். நன்றாகத் தின்னும் வலுவான கோழிகளே முதலில் விழும். அதே இடத்தில் மேய்ந்த மைனா, புறா முதலியவையும் விழலாம். நஞ்சை அகற்றியபின் புதிதாக எதுவும் நோயுறாது.

தொற்றுநோய் என்றால், முதலில் ஒன்று. ஓரிரு நாள் கழித்து இரண்டு, மூன்று. பிறகு பல என்று பெருகும். ஏனெனில் கிருமி ஒரு கோழியிலிருந்து மற்றொன்றுக்குச் சென்று, அங்கே பெருகி, நோயாக வெளிப்படச் சில நாட்கள் பிடிக்கின்றன.

வெயில் தாக்குதல் என்றால், கடும் வெப்பமான நாளின் பிற்பகலில், பருத்த கோழிகளே இறக்கும். கோழியின் இயல்பான உடல் வெப்பம் 41° செல்சியசுக்கும் மேல். அதற்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. வாயைத் திறந்து இளைத்துத்தான் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். நிழலும் தண்ணீரும் இல்லையானால் அது தாங்காது.

பாம்போ கீரியோ என்றால், பெரும்பாலும் ஓர் இரவில் ஒன்றிரண்டு கோழிகளோடு நின்றுவிடும். கீரியும் பூனையும் கழுத்தில் காயம் விட்டுச்செல்லும். பாம்பு கடித்த இடம் இறகுகளுக்குள் மறைந்திருக்கும். விலக்கிப் பார்த்தால் வீக்கமும் கருமையும் தெரியலாம்.

ஒரு கணக்கு

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சித்திரை மாதம். ஒரு வீட்டில் 7 கோழிகள். செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் ஒரு பெட்டைக்கோழி இறந்து கிடக்கிறது. முந்தைய நாள்தான் எதிர்வீட்டுக்காரர் தம் தோட்டத்துச் செடிகளுக்குப் பூச்சிமருந்து அடித்திருந்தார். "அவர்தான் காரணம்" என்று வீட்டில் எல்லாரும் கொதிக்கிறார்கள். "மற்றவை சாகுமுன் வெள்ளிக்கிழமைச் சந்தையில் விற்றுவிடுவோம்" என்று முடிவும் ஆகிறது.

நீங்கள் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு விசாரிக்கிறீர்கள். கிடைத்த செய்திகள் இவை: இறந்த கோழி இரண்டு நாட்களாக மூலையில் நின்றதை அம்மா பார்த்திருக்கிறார், அதன் வாலடியில் பச்சைக் கழிச்சல் ஒட்டியிருக்கிறது, நெஞ்சில் சதை குறையவில்லை, உடலில் காயமோ வீக்கமோ இல்லை, மீதமுள்ள 6 கோழிகளில் 2 இன்று தூங்கி வழிகின்றன, அவற்றில் ஒன்று கழுத்தை முறுக்குகிறது, தோட்டத்தில் மைனாக்கள் வழக்கம்போல் மேய்கின்றன, 9 நாட்களுக்கு முன் சந்தையிலிருந்து ஒரு சேவல் வாங்கி வந்தார்கள், அது இரண்டு நாள் தும்மிவிட்டுத் தேறிக்கொண்டது.

இனி ஒவ்வொரு காரணத்தையும் எழுதி, "இது உண்மையானால் வேறு என்ன தெரிய வேண்டும்?" என்று கேளுங்கள். நேற்றைய பூச்சிமருந்து காரணமானால், கோழி அதற்கு முன்பே சோர்ந்திருக்கக்கூடாது. மைனாக்களும் தப்பியிருக்க வாய்ப்புக் குறைவு. அதை அடித்துவிடுங்கள். பாம்பு என்றால் மற்ற இரண்டும் நோயுற்றது ஏன்? அதையும் அடித்துவிடுங்கள். வெயில் இரவில் கொல்லாது. நெஞ்சில் சதை நிறைந்திருப்பதால் குடற்புழுக்கள் போன்ற நாட்பட்ட காரணமும் இல்லை. எஞ்சி நிற்பது தொற்றுநோய் ஒன்றே. சந்தைச் சேவலும் அதையே சுட்டுகிறது.

எதிர்வீட்டுக்காரர்மேல் இனிப் பழியில்லை. ஆனால் அதைவிடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. மீதமுள்ள கோழிகளை வெள்ளிக்கிழமைச் சந்தைக்குக் கொண்டுபோயிருந்தால் என்ன நடந்திருக்கும்? இந்த வீட்டுக்கு நோய் வந்த அதே வழியில் இன்னும் பத்து ஊர்களுக்குப் போயிருக்கும்.

எந்த நோய்?

தொற்றுநோய் என்று கண்டுகொண்டோம். எந்த நோய் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியுமா? இங்கேதான் நாம் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கழுத்து முறுக்குவதும் பச்சைக் கழிச்சலும் ராணிக்கெட் நோயை நினைவூட்டும். நம் ஊர்களில் வெள்ளைக் கழிச்சல் என்றும் கோழிச் சீக்கு என்றும் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். இது ஒரு வைரசால் வருவது. 1926-இல் ஜாவாத் தீவிலும், இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் இது கண்டறியப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் இமயமலையடிவாரத்துக் குமாவுன் பகுதியில் உள்ள ராணிக்கெட் என்ற ஊரிலும் கண்டறியப்பட்டதால் நம் நாட்டில் அந்தப் பெயரே நிலைத்தது. தடுப்பூசி போடாத கோழிக் கூட்டத்தில் ஏறத்தாழ எல்லாவற்றையுமே இது கொன்றுவிடக்கூடும்.

ஆனால் கோழிக் காலராவிலும் பச்சைக் கழிச்சல் உண்டு. இது ஒரு பாக்டீரியாவால் வருவது. மனிதருக்கு வரும் காலரா வேறு, இது வேறு. லூயி பாஸ்டர் ஆராய்ந்த நோய் இது. நாட்பட வைத்திருந்து வலுவிழந்த கிருமிகளைச் செலுத்திய கோழிகள், பின்னர் வீரியமுள்ள கிருமிகளைச் செலுத்தியபோதும் சாகவில்லை என்று 1880-இல் அவர் அறிவித்தார். கிருமியை ஆய்வுக்கூடத்தில் வலுவிழக்கச் செய்து தடுப்பு மருந்தாக்கும் முறை இந்தக் கோழிகளிலிருந்துதான் தொடங்கியது. அந்தக் கிருமிக்குப் பாஸ்டுரெல்லா என்று அவர் பெயரே வைக்கப்பட்டுள்ளது.

பறவைக் காய்ச்சலும் இதே அடையாளங்களோடு வரலாம். 1997-இல் ஹாங்காங்கில் இது 18 பேருக்குத் தொற்றி 6 பேரைக் கொன்றது. இந்தியாவில் கோழிகளிடையே இது முதன்முதலாக 2006-இல் மகாராஷ்டிர மாநிலத்து நவாப்பூரில் கண்டறியப்பட்டது. ஆகவே ஐயத்தோடு விட்டுவிட முடியாது.

இவற்றை ஆய்வுக்கூடம் எப்படிப் பிரித்தறிகிறது? கோழிக் காலரா என்றால், இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். இரு முனைகளிலும் சாயம் ஏறிய குட்டைக் குச்சிகள்போல் கிருமிகள் தெரியும். வைரஸ் சாதாரண நுண்ணோக்கிக்குத் தெரியாது. எனவே இறந்த கோழியின் உறுப்பிலிருந்து எடுத்த சாற்றை, 9 முதல் 11 நாள் வரை கரு வளர்ந்த முட்டைக்குள் செலுத்துவார்கள். வைரஸ் இருந்தால் முட்டைக்குள் பெருகும். அந்த முட்டையின் நீரைக் கோழியின் சிவப்பணுக்களோடு கலந்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ராணிக்கெட் வைரசுக்கும் இந்தக் குணம் உண்டு. பறவைக் காய்ச்சல் வைரசுக்கும் உண்டு. ராணிக்கெட் வைரசுக்கு எதிரான சீரத்தை முன்கூட்டியே சேர்த்துப் பார்ப்பார்கள். ஒட்டுதல் நின்றுவிட்டால் அது ராணிக்கெட். நிற்காவிட்டால் வேறு வைரஸ். இப்போது வைரசின் மரபுப்பொருளையே நேராகக் கண்டறியும் சோதனைகளும் உள்ளன. பறவைக் காய்ச்சலை உறுதி செய்யும் தேசிய ஆய்வகம் போபாலில் இருக்கிறது.

நாம் செய்ய வேண்டியவை

இறந்த கோழியை விரைவில் அருகிலுள்ள கால்நடை மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். எப்படிக் கொண்டுவர வேண்டும் என்பதை மருத்துவரிடம் முன்னதாகவே கேட்டுக்கொள்வது நல்லது. கொண்டுபோகத் தாமதமானால், சோப்பு கலந்த குளிர்ந்த நீரில் இறகுகளை நனைத்து, இரட்டைப் பாலிதீன் பையில் கட்டி, பனிக்கட்டிகளுக்கிடையே வைக்கச் சொல்வார்கள். இறகு ஒரு போர்வை. உடலின் வெப்பத்தை வெளியே விடாது. அதில் எண்ணெய்ப் பூச்சு இருப்பதால் வெறும் தண்ணீர் வழிந்தோடிவிடும். சோப்பு நீர்தான் உள்ளே இறங்கும். ஆனால் கோழியை உறைய வைக்கக்கூடாது. உறைந்தால் செல்களுக்குள் உள்ள நீர் பனிக்கட்டியாகிச் செல்சவ்வுகளைக் கிழித்துவிடும். பிறகு திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்துப் பயனில்லை.

தானாக இறந்த கோழியைச் சமைக்கக்கூடாது. நன்றாக வேகவைத்தால் வைரஸ் அழியலாம். ஆனால் இறகு பிடுங்கும்போதும் அறுக்கும்போதுமே அது கைக்கும் மூக்குக்கும் வந்துவிடும். பல நஞ்சுகள் வேகவைத்தாலும் அழிவதில்லை. குளத்திலோ சாலையோரத்திலோ எறிவதும் நாய்க்குப் போடுவதும் தவறு. சோதனைக்குத் தேவையில்லை என்று மருத்துவர் சொன்னால், கிணற்றிலிருந்து விலகிய இடத்தில், நாய் தோண்ட முடியாத ஆழத்தில் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். பின் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

நோயுற்ற கோழிகளைத் தனியே அடைத்து, நலமானவற்றுக்குத் தீனி வைத்த பிறகே அவற்றிடம் செல்ல வேண்டும். முடிவு தெரியும்வரை எதையும் விற்கவோ, உறவினருக்குக் கொடுக்கவோ கூடாது. தொற்றுநோய் என்ற ஐயம் எழுந்தால் அதிகாரிகளுக்குத் தெரிவிப்பது வளர்ப்பவரின் கடமை என்று 2009-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் கூறுகிறது.

ராணிக்கெட் நோய்க்கு மருந்து கிடையாது, தடுப்பூசி உண்டு. முதல் வாரத்தில் குஞ்சின் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து; 8 வார வயதில் ஊசி. ராணிப்பேட்டையில் உள்ள கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் இதைத் தயாரிக்கிறது. ராணிக்கெட்டையும் ராணிப்பேட்டையையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒன்று நோய்க்குப் பெயர் தந்த ஊர், மற்றொன்று அதைத் தடுக்கும் ஊர்! புறக்கடைக் கோழிகளைப் பிடித்து ஊசி போடுவது கடினம் என்பதால், தின்னக் கொடுக்கும் குருணை வடிவிலும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் ஒரு தடுப்பு மருந்தை உருவாக்கியிருக்கிறது. நம் கணக்கில் வரும் வீட்டில் இரண்டு கோழிகள் ஏற்கெனவே நோயுற்றுவிட்டன. ஊசியால் அவற்றைக் காப்பாற்ற முடியாது. ஆனால் காரணம் சரியான நேரத்தில் தெரிந்துவிட்டதால், அடுத்த தெருக் கோழிகளுக்குத் தடுப்பூசி போட நேரம் இருக்கிறது.

சிந்தியுங்கள்

1. மே மாதம். தகரக் கூரைக் கொட்டிலில் பிற்பகல் 3 மணிக்கு, இருப்பதிலேயே பருத்த 2 கோழிகள் இறந்தன. தீனிப்பை நிறைந்திருந்தது. மற்றவை வாய் திறந்து இளைத்தன. மறுநாள் மழை, எதுவும் இறக்கவில்லை. காரணம் என்ன?

2. ஒரு கோழி "திடீரென்று" இறந்தது. நெஞ்செலும்பு கத்திபோல் இருந்தது, கொண்டை வெளுத்திருந்தது. மற்றவை நலம். இது திடீர் இறப்பா?

3. விதை விதைத்த நிலத்தருகே 4 கோழிகளும் 2 காகங்களும் ஒரே காலையில் இறந்து கிடந்தன. நச்சு மருந்து கலந்த விதையைத் தின்றிருக்கும் என்கிறார்கள். நீங்கள் என்ன செய்வீர்கள்?

விடைகள்: 1. வெயில் தாக்குதல். 2. இல்லை, பல வாரங்களாக நலிந்த கோழி. குடற்புழுக்கள், உண்ணி முதலியவற்றை ஐயுறலாம். 3. நஞ்சாக இருக்கலாம், ஆனால் பறவைக் காய்ச்சலும் கோழியையும் காகத்தையும் சேர்த்துக் கொல்லக்கூடியது. ஆகவே எதையும் தொடாமல், சிறுவர்களையும் நாய்களையும் விலக்கிவிட்டு, உடனே கால்நடை மருத்துவருக்குச் சொல்ல வேண்டும்.